சட்டையில்லாமல் தூக்கிப்போட எந்தப் பிடி?

ஜூடோ பழகியவர் சட்டையில்லாத மல்யுத்தத்துக்கு வந்தால் இடக்கைதான் முதலில் வேலையிழக்கும். ஜூடோவில் அது எதிராளியின் ஸ்லீவை முழங்கை அருகே பிடித்து, கைக்கடிகாரம் பார்ப்பதுபோல் சுண்டுவிரல் மேலே வர இழுக்கும். ஆளைச் சுழற்றுவதே அந்த இழுப்புதான். வலக்கை காலரைப் பிடித்துத் தூரத்தைக் காக்கும். துணி இல்லையென்றால் இந்த இரண்டு வேலைக்கும் உடம்பிலேயே இடம் தேட வேண்டும்.

ஓகோஷிக்கு, அதாவது எதிராளியை இடுப்பின்மேல் ஏற்றித் தூக்கிப்போடுவதற்கு, என் ஓட்டு அண்டர்ஹூக்குக்கு. வலக்கையை அவர் இடது அக்குளுக்கு அடியில் நுழைத்து, உள்ளங்கையைத் தோள்பட்டை எலும்பின்மேல் பதியுங்கள். இடுப்பளவில் விட்டால் அவர் முழங்கையை இறக்கிக் கையை நசுக்கிவிடுவார். இடக்கை அவர் வலது முழங்கைக்குச் சற்று மேலே, சதையை அள்ளிப் பிடிக்கட்டும். ஸ்லீவுக்கு மாற்று இதுதான். மணிக்கட்டைப் பிடித்தால் வியர்வையில் வழுக்கும். வலக்காலை அவர் கால்களுக்கு நடுவே வைத்துத் திரும்பும்போது முழங்கால் மடிந்து, உங்கள் இடுப்பு அவருடையதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். முழங்காலை மடிக்காமல் முதுகை வளைத்தால் அவர் மேலே ஏறி உட்கார்ந்துகொள்வார்.

ஓவர்ஹூக், அதாவது எதிராளியின் கைக்கு மேலாக உங்கள் கையைச் சுற்றிப் பூட்டுவது, தேடிப்போகும் பிடி இல்லை. எதிராளி அண்டர்ஹூக் போட்டுவிட்டபோது மிஞ்சுவது. நீங்கள் அவர் மேற்கையை உங்கள் விலாவோடு பூட்டினால், அவர் உள்தொடையைக் காலால் தூக்கி எறியும் உச்சிமாத்தாவுக்கு அருமையான வழி. பூட்டு தளர்ந்தாலோ அவர் உங்கள் முதுகுப்பக்கம் போய்விடுவார், இதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. கிரெக்கோ-ரோமன் மல்யுத்தத்தில் காலைப் பயன்படுத்தித் தாக்கக்கூடாது என்பதால் அங்கே உச்சிமாத்தாவும் இல்லை, ஓகோஷி செல்லும்.

எதிராளியின் உடலை இரு கைகளாலும் சுற்றிப் பூட்டும் பாடி லாக் குட்டையானவருக்கு வரம். இரு கைகளும் அவர் கீழ்முதுகில், உள்ளங்கையோடு உள்ளங்கை, விரல்களைக் கோக்காதீர்கள். காதை அவர் மார்பில் ஒட்டி, இடுப்பை ஒட்டி நிறுத்துங்கள். இடைவெளி விட்டால் அவர் உங்கள் இடுப்பைத் தள்ளிப் பூட்டை உடைப்பார். காலாலும் தாக்கலாம் என்ற ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் உள்காலைத் தட்டி விழவைக்கலாம், கிரெக்கோவில் தூக்கித்தான் ஆக வேண்டும். எப்படி விழுந்தாலும் பாய் தொடுமுன் கையைப் பிரித்துவிடுங்கள். மேலே நீங்கள் இருந்தாலும், அவர் முதுகுக்கடியில் நசுங்குவது உங்கள் விரல்கள்தான்.