“ஆயில் கம்மியா இருக்கு சார்” என்று குச்சியை நீட்டினால்...

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மூலக்கடை பக்கம் பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் போங்கள். நான் எதுவும் தெரியாமல் போய் ஏமாந்தேன்.

என்னுடையது 2010 மாடல் ஐ10 ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி போனவனுக்கு வேறு வழி? போன மாதம் ஒரு காலையில் கியரை பி-யிலிருந்து (பார்க்கிங்) டி-க்கு (டிரைவ்) மாற்றியதும் ‘டங்’ என்று ஒரு குலுக்கல். தினமும் தொடர்ந்ததால் வீட்டருகே ஒரு ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். மூன்று நிமிட ஓட்டம்தான். என்ஜின் சூடே ஆகவில்லை.

ஷெட்காரர் பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் ஆயிலின் மட்டம் பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். “பாருங்க சார், ஹாட் கோட்டுக்கு எவ்ளோ கீழ நிக்குது. இப்படியே ஓட்டினா கியர்பாக்ஸ் காலி.” கண்ணால் பார்த்தேனே, எப்படி மறுப்பது? பெயரெல்லாம் அழிந்த ஒரு கேனிலிருந்து சிவப்பு ஆயிலைப் புனல் வைத்து ஊற்றினார். ஒரு லிட்டருக்குக் குறையாது. 2,850 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இரண்டே நாளில் மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது என்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. பின்னால் எம்டிசி பஸ் ஹாரன் மேல் ஹாரன். கருகிய ஆயில் வாடை வேறு. எப்படியோ இறக்கி ஓரம் கட்டினால், அடியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ஆயில்.

அதே ஷெட்டுக்குத்தான் மறுபடி போனேன், புத்தி! “நான் அப்பவே சொன்னேன்ல சார்” என்று ஆரம்பித்தார். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டுமாம். 48,000 ரூபாய், அதில் 20,000 முன்பணம். பணம் எடுக்கக் கிளம்பியவனை மச்சான்தான் தடுத்து, வியாசர்பாடியில் ஆட்டோமேட்டிக் வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனான்.

அவர் குச்சியை உடனே தொடவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டினார். பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு இடமாக நகர்த்திக் கடைசியில் பி-க்குக் கொண்டுவந்தார். அப்புறம்தான் குச்சி. ஆயில் ஹாட் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. “யாரு தம்பி இதுல கை வெச்சது?”

விஷயம் இதுதான். இந்த ஆயில் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். குச்சியில் உள்ள ஹாட் கோடு, ஆயில் சூடாக இருக்கும்போது நிற்க வேண்டிய மட்டம். ஆறிய வண்டியில் மட்டம் அதற்குக் கீழே நிற்பதுதான் இயல்பு. கோல்ட் கோடு ஒரு குறிப்புக்கு மட்டும், அதை வைத்து அளவை முடிவு செய்யக் கூடாது என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடந்ததை அன்று ராத்திரிதான் பிரித்தேன். அளவுக்கு மேல் ஊற்றினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது, கியர் பிடிக்காது, சூடேறும், மிஞ்சியது கியர்பாக்ஸின் காற்றுப்போக்கிக் குழாய் வழியே வெளியேறும். எனக்கு நடந்தது அத்தனையும் இதுவே.

நீங்களே பார்ப்பதானால் லுங்கி, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் குனியுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். சைலன்சர் குழாயில் கை பட்டால் தோல் போய்விடும். துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் உள்ளே போனால் தொல்லை. நூல் பிரியாத துணி போதும். முதல் தடவை உருவியதை நம்பாமல், துடைத்து முழுக்க உள்ளே விட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறமும் கருகிய வாடையும் இருந்தால் மாற்ற வேண்டிய நேரம். ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, என்ஜினை உடனே அணைத்துவிடுங்கள், மறுபடி ஸ்டார்ட்கூடப் பண்ணாதீர்கள். மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் வண்டியை விட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எல்லா வண்டிக்கும் ஒரே முறை கிடையாது. ஹோண்டாவில் பல மாடல்களுக்கு என்ஜினைச் சூடாக்கி, அணைத்த ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் குச்சியே இருக்காது.

பெரியவர் அந்தச் சிவப்பு ஆயிலை வடித்துவிட்டு, என் வண்டிக்குரிய எஸ்பி-3 வகை கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றினார். ஒரு தடவை வடித்தால் டார்க் கன்வெர்ட்டருக்குள் (என்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருப்பது வராது என்று ஒரு வாரம் ஓட்டவிட்டு மறுபடி மாற்றினார். கியர்பாக்ஸ் பிழைத்தது. முதலில் வந்த ‘டங்’குக்குக் காரணம் என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்துபோனது. ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பழைய ஷெட்டில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஆயில் ஊத்தினது ஒரு குத்தமா சார்?” என்றார். என் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ‘ஆயில் – 2,850’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன ஆயில், எத்தனை லிட்டர், எந்தத் தேதி, ஒன்றும் இல்லை.