ஒழுகிய பெற்றோல் தாங்கி: ஈயப் பற்று வைத்து மூன்று வருடம்

பழைய காரின் பெற்றோல் தாங்கி ஒழுகத் தொடங்கி, கையில் பெரிய காசும் இல்லையென்றால் என் பதில் இதுதான்: தாங்கியைக் கழற்றுங்கள், உள்ளே நன்றாகக் கழுவுங்கள், ரேடியேட்டர் திருத்துகிற ஒரு பழைய கையிடம் ஈயப் பற்று வைக்க, அதாவது ஈயத்தை உருக்கித் துளையை அடைக்க, கொடுங்கள். நான் 2022 ஜூலையில் அப்படித்தான் செய்தேன். எல்லாமாக 10,800 ரூபா முடிந்தது. மூன்று வருடம் கடந்தும் அதே தாங்கியில்தான் கார் ஓடுகிறது. இடையில் ஒரு தடவை திரும்பப் போக வேண்டி வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கார் அப்பாவுடையது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த கொரோலா, கார்புரேட்டர் எஞ்சின், தாங்கி டிக்கிக்கு அடியில். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் கூரை இல்லாமல் நிற்கிறது. மரைன் டிரைவைத் தாண்டினால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். அந்த உப்புக் காற்றில் ஒரு தகட்டுத் தாங்கி நாற்பது வருடம் நின்று பிடித்ததே பெரிய காரியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலையும் எங்கேயோ போய்விட்டது. இதை விற்றுவிட்டு வேறு வாங்கும் யோசனைக்கே இடமிருக்கவில்லை.

பெற்றோல் தட்டுப்பாட்டில் 2022 ஜூன் எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலி வீதி வரிசையில் ஒரு இரவும் ஒரு பகலும் நின்று பெற்றோல் அடித்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் விடிய வாசலில் பெற்றோல் மணம். குனிந்து பார்த்தால் ஐந்து விநாடிக்கு ஒரு சொட்டு. இரவில் ஒரு தகர டின் வைத்துப் பார்த்தேன், விடியும்போது கால் லீற்றருக்குக் கிட்ட நின்றது. அந்த மாதக் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபா ஆனது. ஆனால் காசைவிட, காருக்குக் கீழே பெற்றோல் நிற்கிறது என்ற பயம்தான் நித்திரையைக் கெடுத்தது.

முதலில் செய்ய வேண்டியது, ஒழுக்கு உண்மையில் எங்கே என்று பார்ப்பது. தாங்கி நிறைந்திருக்கும்போது மட்டும் ஒழுகினால் பெரும்பாலும் தகட்டில் பிழையில்லை. வாய்க்குழாயைத் தாங்கியோடு இணைக்கிற ரப்பர் ஹோஸாக இருக்கும், அல்லது மேலே, பெற்றோல் அளவைக் காட்டுகிற மிதவை பூட்டியிருக்கிற இடத்தின் கஸ்கட்டாக இருக்கும். பாதியிலும் ஒழுகினால் அடித்தகட்டைப் பாருங்கள். நான் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காய வைத்து, முகப் பவுடரைத் தூவினேன். இரண்டு நிமிடத்தில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. அது தொடங்கிய இடம், தாங்கியைத் தூக்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டியின் ஓரம். பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு மெத்தை இருக்கிறது. மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்வது அதுதான். வெளியிலிருந்து துரு அங்கேதான் தின்றிருந்தது.

அன்றைக்கே உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டியை எடுத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது, ஊசித் துளை அடைபட்டுவிடும். மூன்று நாள் நின்றது, மழை பெய்ததும் போய்விட்டது. கராஜுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அது போதும், அதற்கு மேல் நம்பக் கூடாது.

அடுத்தது எபொக்சி களி, இரண்டு நிறக் களியைப் பிசைந்து ஒட்டுவது. தாங்கியைக் கழற்றாமல், கீழே படுத்துக்கொண்டு, சொட்டு சொட்டாக வந்துகொண்டிருக்கும்போதே ஒட்டினேன். ஒன்பதாம் நாள் ஓரம் கிளம்பியது. களியைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றோல் ஈரம் இருக்கிற தகட்டில் எந்தப் பசையும் பிடிக்காது. தாங்கியை வடித்து, வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, காய்ந்த பிறகு ஒட்டியிருந்தால் சில மாதமாவது நின்றிருக்கும். ஃபைபர் துணி வைத்துப் பூச நினைப்பவர்களும் எபொக்சி பிசினையே பாவியுங்கள், சாதாரண பொலியெஸ்டர் பிசினைப் பெற்றோல் மெல்ல மெல்ல இளக்கிவிடும்.

அதற்குள் ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்று ஆகிவிட்டது. கார் எப்படியும் நிற்கப் போகிறது. சரி, கழற்றுவோம் என்று முடிவெடுத்தேன்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், இதில்தான் ஆட்கள் செத்துப் போகிறார்கள். நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கி ஆபத்தானது. எரிவது ஆவிதான். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு பெற்றோல் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு ஊர்ந்து பக்கத்து வீட்டுக் குசினிவரை போகும். ஆகவே வேலையைத் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் செய்தேன். பற்றரியின் வயரை முதலில் கழற்றினேன். கம்பி பல்ப் விளக்கு எதையும் கிட்டக் கொண்டுபோகவில்லை. மிச்சப் பெற்றோலைக் கைப்பம்ப்பால் இழுத்தேன். வாயால் குழாயை உறிஞ்சுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு மிடறு புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

கழற்றிய தாங்கியைச் சவர்க்காரத் தூளும் சுடுதண்ணீரும் ஊற்றி ஐந்து தடவை குலுக்கிக் கழுவினேன். உள்ளேயிருந்து வந்த தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. அப்போதுதான் முழுக்கதை விளங்கியது. வரிசைக் காலத்தில் மாதக்கணக்காகத் தாங்கி கால்வாசியில்தான் நின்றது. மேலே வெறும் தகட்டில் இரவுக் குளிரில் நீர் வியர்த்து, கீழே இறங்கி, பெற்றோலைவிடப் பாரம் என்பதால் அடியில் தேங்கி நின்றிருக்கிறது. வெளியில் மெத்தை, உள்ளே தண்ணீர். இரண்டு பக்கமும் தின்ற இடத்தில்தான் துளை.

துருவை எடுக்க 10 லீற்றர் வினாகிரி ஊற்றி, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளையும் போட்டு, அவ்வப்போது ஆட்டிவிட்டு இரண்டு நாள் வைத்தேன். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் காய வைத்தேன். இதில் ஒரு பிழை விட்டேன். பழைய தாங்கிகளின் தகட்டில் ஈயமும் தகரமும் கலந்த பூச்சு இருக்கும், வினாகிரி அதையும் கரைக்கும். ஒரு இரவு போதுமாக இருந்தது. கழுவுகிற தண்ணீரில் ஈயம் இருப்பதால் கையுறை போடுங்கள், அதைக் கிணற்றடியிலோ கானிலோ ஊற்றாதீர்கள்.

பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் பாவித்த தாங்கிக்கு 35,000 கேட்டார்கள். உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன், அதிலும் துரு. என்னுடையதைவிட நல்லதென்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அதே பக்கத்தில் ஒரு சந்துக்குள் ரேடியேட்டர் வேலை செய்கிற வயதான நானா ஒருவர் இருந்தார். பஸ்ஸில் தாங்கியை ஏற்ற விடமாட்டார்கள், ஆகவே தெரிந்த ஓட்டோக்காரருக்குப் பெற்றோல் கிடைத்த நாளில்தான் கொண்டுபோக முடிந்தது.

நானா முதலில் தாங்கியின் வாயில் மூக்கை வைத்தார். "கழுவினீங்களா தம்பி?" என்று கேட்டார். "ஐந்து தரம் கழுவினேன் நானா" என்றேன். "நான் இன்னொரு தரம் கழுவுறேன், கோவிக்க வேணாம். வெறுந் தாங்கியை நம்பி நெருப்பைக் கிட்டக் கொண்டுபோன ஆக்களை எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவரில் நம்பிக்கை வந்துவிட்டது. நீங்களும் ஆளைத் தெரிவு செய்யும்போது இதைத்தான் பாருங்கள். கழுவினீர்களா என்று கேட்காமல் டோர்ச்சைப் பற்றவைக்கிற ஆளிடம் தாங்கியைக் கொடுக்காதீர்கள்.

அவர் திறப்புகளை அடைத்து, அடித்தகடு மேலே வரும்படி கவிழ்த்து, உள்ளே தண்ணீர் நிரப்பினார். பற்று வைக்கிற இடத்துக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டார், தண்ணீர் தகட்டில் பட்டால் சூடு ஏறாதாம். பற்று வைக்கிற ஈயம் தகரம் கலந்தது, 200 பாகைக்குக் கிட்ட உருகிவிடும், வெல்டிங் மாதிரித் தகடு சிவக்கத் தேவையில்லை. மெலிந்த பழைய தகட்டுக்கு ஈயம் ஏற்றது அதனால்தான். வெல்டிங் வைத்தால் துளைக்குப் பக்கத்துத் தகடும் சேர்ந்து போய்விடும். ஆனால் ஈயத்தை உருக்குகிற பற்றுக்கோலின் சூடும் ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது என்பதால் ஈயம்தானே என்று கழுவாமல் விடவும் முடியாது. கோலைச் சூடாக்குகிற அடுப்பைக்கூட அவர் பின்வளவில்தான் வைத்திருந்தார்.

கம்பித் தூரிகையால் தேய்த்து வெள்ளைத் தகடு வந்த பிறகு அமிலம் தடவி, முதலில் தகட்டுக்கும் பிறகு ஒரு பித்தளைத் துண்டுக்கும் ஈயம் பூசி, இரண்டையும் சேர்த்து இளக்கி ஒட்டினார். துளை ஊசிமுனை அளவுதான், பித்தளைத் துண்டு தீப்பெட்டி அளவு. சுற்றியுள்ள மெலிந்த தகட்டையும் மூட வேண்டும் என்றார். பிறகு சைக்கிள் பம்ப்பால் மெல்லக் காற்றடித்து, சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார். கம்ப்ரெஸர் காற்றடித்தால் தாங்கி ஊதிவிடும் என்பது அவரிடம் கற்றது.

செலவு: பற்றுக்கு 5,500, வினாகிரி 2,400, துருத் தடுப்புப் பூச்சும் அண்டர்சீலும் 1,600, புது ஹோஸ், கிளிப், பட்டிக்கு ரப்பர் எல்லாம் 1,300. அந்தப் பழைய மெத்தையைத் திரும்பப் போடவில்லை, தண்ணீர் குடிக்காத தடித்த ரப்பர் வெட்டிப் போட்டேன்.

ஓகஸ்டில், பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறையில் வாரம் 20 லீற்றர் வரத் தொடங்கியதும் கார் மறுபடி ஓடியது. முதல் மாதத்தில் பெற்றோல் ஃபில்டர் இரண்டு தரம் அடைத்தது, உள்ளே மிஞ்சியிருந்த துருத் தூள்தான். ஒளி ஊடுருவுகிற மலிவான ஃபில்டரைப் போட்டால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். இப்போது வருடத்துக்கு ஒன்று போதுமாக இருக்கிறது.

2023 செப்டெம்பரில் கியூஆர் நின்றது. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறை தாங்கியை நிறைய அடித்தேன். வீட்டுக்கு வருவதற்குள் மணம்! பற்று இடம் காய்ந்துதான் இருந்தது. மிதவைக் கஸ்கட் மேலே கசிந்திருக்கிறது. தாங்கியைப் பூட்டும்போது பழைய கஸ்கட்டையே போட்டுவிட்டேன், பாதிக்கு மேல் அடிக்காததால் அதுவரை தெரியவில்லை. சில நூறு ரூபாச் சாமான். கழற்றிய கையோடு மாற்றிவிடுங்கள்.

2024 நவம்பரில்தான் உண்மையான ஒழுக்கு ஒன்று வந்தது. பழைய பற்றுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் புதிய ஊசித் துளை. வினாகிரியை இரண்டு நாள் வைத்தது தகட்டை மெலியவிட்டிருக்கும் என்பது என் எண்ணம். மறுபடி கழற்றி, கழுவி, அதே நானாவிடம். 4,000 எடுத்தார். முதல் பற்றைக் கோலால் தட்டிப் பார்த்து, "இது இருக்கும், மத்தத் தகட்டைத்தான் பார்க்கோணும்" என்றார்.

அடித்தகடு முழுவதும் கை அமுக்கினால் நெளிகிற அளவுக்குப் போயிருந்தால் இந்த வழி வேண்டாம், வேறு தாங்கி தேடுங்கள். பிளாஸ்டிக் தாங்கிக்கும் ஈயம் சரிவராது.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தும் புதுக் கார்களின் விலை எனக்கு எட்டவில்லை. மாதம் ஒரு தடவை துணியோடு காருக்குக் கீழே போய்ப் பட்டி ஓரத்தைத் துடைத்துப் பார்க்கிறேன். தாங்கியை அரைவாசிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மழைக்குப் பிறகும் துடைத்தேன், துணியில் மண் மட்டும்தான் வந்தது.