பிரிட்ஜ் பல்லுக்கு அடியில் நூல் கோர்ப்பது எப்படி: ஒரு டெய்லரின் ரிவ்யூ

நான் ஜென்ட்ஸ் டெய்லர். கழுத்தளவு எடுக்கும்போது எனக்கும் சட்டை தைக்க வந்தவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். போன வருஷம் கீழ்வரிசையில் இடதுபக்கக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி, நாலு மாதம் கழித்து அந்த இடத்துக்கு பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் மாட்டிக் கட்டும் பொய்ப்பல், போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் போயிருக்கும், டேப்பைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தாலே ஆட்கள் முகத்தை மெதுவாக அந்தப் பக்கம் திருப்ப ஆரம்பித்தார்கள். கூச்சம்போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரிதான் ஒருநாள் ராத்திரி, "என்னங்க, கோவிச்சுக்காதீங்க, பல்லு கட்டுனதுலேர்ந்து உங்க வாயில ஒரு வாடை வருது" என்று போட்டு உடைத்தாள்.

பல் கட்டிய கிளினிக்குக்கே திரும்பப் போனேன். பெயர் வேண்டாம். நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள், ஆனால் அடியில் எப்படிச் சுத்தம் செய்வது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, திரும்பப் போனபோதும் சொல்லவில்லை. மவுத்வாஷ் ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குளோர்ஹெக்சிடின், 0.2 சதவீதம், காலையும் ராத்திரியும் 10 மில்லி. இரண்டு வாரம்தான் எழுதியிருந்தார்கள். கொப்பளித்த முதல் ஒரு மணி நேரம் வாய் புதினாத் தோட்டமாக இருந்ததால் நானாகவே ஆறு வாரம் ஓட்டினேன், அது என் தப்பு. முன்பற்களின் ஓரத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு ஏறியது. அதைவிடக் கூத்து, சாம்பாரில் உப்பே இல்லை என்று வீட்டில் தினமும் சண்டை. அந்த மருந்து நாக்கில் உப்புச் சுவையை மங்கவைக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது. பாவம், சமையல் சரியாகத்தான் இருந்திருக்கிறது. வாடை மட்டும் சாயங்காலம் ஆனால் வந்துவிடும்.

அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனேன், சின்ன வயசுப் பெண். அவர் எதையும் எழுதவில்லை. வெள்ளை நூல் ஒன்றை எடுத்து பிரிட்ஜுக்கு அடியில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்து, "சார், இதை மோந்து பாருங்க" என்று நீட்டினார். அழுகிய முட்டை நாற்றம். கூடவே முருங்கைக்காய் நார் ஒன்று, சாம்பல் நிறத்தில். வீட்டில் முருங்கைக்காய் சமைத்து நாலு நாள் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். மூன்று பல் பிரிட்ஜ் என்றால் இரண்டு ஓரப் பற்களைச் செதுக்கி அவற்றின் மேல் தொப்பி மாட்டி, நடுவில் ஒரு பொய்ப்பல்லை ஒட்டித் தொங்கவிடுகிறார்கள். அந்த நடுப்பல்லுக்கு வேர் கிடையாது, ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அடியில் மயிரிழை இடுக்கு. சாப்பாடு போய் அடைந்தால் பிரஷ் எட்டாது, காற்றும் இருக்காது. காற்றில்லாத இடத்தில் பிழைக்கும் கிருமிகள் அதில் உள்ள புரதத்தை அரித்து கந்தக வாயு விடுகின்றன, அழுகிய முட்டையில் வருகிற அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு. மேலே மவுத்வாஷ் ஊற்றுவது சாக்கடை மூடியின் மேல் சென்ட் அடிக்கிற கதை.

சரி, ரிவ்யூவுக்கு வருகிறேன். நான் வாங்கியது மூன்று.

முதலாவது அந்த வெள்ளை நூல், ஓரல்-பி சூப்பர் ஃப்ளாஸ். துண்டு துண்டாக வெட்டியே வரும். ஒரு முனை மட்டும் விறைப்பாக, ஷூ லேஸ் நுனி மாதிரி. நடுப்பகுதி பஞ்சுபோல உப்பியிருக்கும், மிச்சம் சாதாரண நூல். விறைப்பான முனையை கன்னத்துப் பக்கமிருந்து தொப்பிக்கும் பொய்ப்பல்லுக்கும் நடுவில் அடியில் நுழைத்து, நாக்குப் பக்கம் விரலால் பிடித்து இழுக்க வேண்டும். பஞ்சுப்பகுதி வந்ததும் முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை ஷூ பாலிஷ் போடுவதுபோல் தேய்த்துவிட்டு, ஒரு பக்கமாகவே உருவி எடுத்துவிட வேண்டும். மேல்பக்கமாக இழுத்தால் வராது, பற்கள் ஒட்டியிருக்கிறதல்லவா. இருபத்தைந்து வருஷமாக ஊசியில் நூல் கோர்க்கிறவன் நான், எனக்கே முதல் நாள் பத்து நிமிஷம் ஆனது, எச்சிலில் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் ஒரு நிமிஷத்துக்கு வந்துவிட்டேன். முதல் நாலைந்து நாள் கொஞ்சம் ரத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. வாடை அடங்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் நூலை மோந்து பார்த்தேன், ஒன்றுமில்லை.

(டாக்டர் காட்டிய அன்று ராத்திரி, நம்மிடம் இல்லாத நூலா என்று கடையில் இருந்த தையல் நூலை விட்டுப் பார்த்தேன். ஈறை அறுத்துவிட்டது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.)

இரண்டாவது வாட்டர் ஃப்ளாஸர், ஆன்லைனில் இரண்டாயிரத்துச் சொச்சம். தண்ணீரைத் துடிப்புத் துடிப்பாகப் பீய்ச்சும் மெஷின். 1962-இல் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஒரு பல் டாக்டரும் ஒரு ஹைட்ராலிக் இன்ஜினியரும் சேர்ந்து கொண்டுவந்த சமாச்சாரம் என்று படித்ததும் மரியாதையோடுதான் வாங்கினேன். முதல் நாள் வேகத்தை முழுசாக வைத்து ஆன் செய்து, கண்ணாடி, சுவர், பனியன் எல்லாம் நனைந்தது, வாய் மட்டும் பாதி. வாயில் வைத்து உதட்டை லேசாக மூடி, தலையை வாஷ்பேசினுக்குள் குனிந்துகொண்ட பிறகுதான் ஆன் செய்ய வேண்டும், வேகம் குறைவிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, இரண்டே மாதத்தில் தண்ணீர் பீய்ச்சும் முனையில் வெள்ளையாகப் படிந்தது, இப்போது குடிதண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், லேசாகச் சூடு செய்து, இல்லாவிட்டால் பல் கூசுகிறது. சோற்றுப்பருக்கை, கீரைத் துணுக்கெல்லாம் அழகாக வெளியே வரும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். ஆனால் மெஷின் மட்டும் போட்ட நாட்களில் அடுத்த நாள் நூலில் லேசாக வாடை இருந்தது. ஒட்டிக்கொண்டிருக்கிற வழவழப்பு போக அந்தப் பஞ்சு தேய்த்தால்தான் எனக்குச் சரிப்படுகிறது. கை நடுங்குகிறவர்கள், வயசானவர்கள் வாங்கலாம். நூல் கோர்க்க முடிகிறவர்களுக்கு இது ஆடம்பரம்.

மூன்றாவது இன்டர்டென்டல் பிரஷ், பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் பேரக்குழந்தை. தொப்பிப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் விட நல்லது. அளவு முக்கியம். நான் குத்துமதிப்பாகப் பெரியதை வாங்கி, கம்பி வளைந்து நாலை வீணாக்கினேன். அளவெடுக்காமல் தைத்த சட்டை. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும், இதெல்லாம் பிரிட்ஜ் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான். கடிக்கும்போது பிரிட்ஜ் ஆடினால், அல்லது அழுத்தினால் கெட்ட ருசியோடு எச்சில் கசிந்தால், உள்ளே சிமென்ட் கரைந்து பல் சொத்தையாகிக்கொண்டிருக்கலாம், நூலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பல் பிடுங்கி இரண்டு மூன்று நாளில் காது வரைக்கும் வலி இழுத்து, கூடவே நாற்றமும் வந்தால் அது வேறு சங்கதி, குழியில் உறைந்த ரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே போய்விட வேண்டும். பிடுங்கிய முதல் நாள் வேகமாகக் கொப்பளித்தால் அந்தக் கட்டி கழன்றுவிடும் என்பதால்தான் கொப்பளிக்காதே என்கிறார்கள்.

என் மதிப்பெண்: நூலுக்கு ஐந்துக்கு ஐந்து, மெஷினுக்கு மூன்று, பிரஷ்ஷுக்கு நாலு. மவுத்வாஷுக்குப் போடவில்லை, எழுதிக் கொடுத்தபடி பயன்படுத்தாதவன் மதிப்பெண் போடக் கூடாது. நூலில் ஒரே குறை, எங்கள் பக்கம் மெடிக்கல் கடைகளில் கேட்டால் சாதா ஃப்ளாஸை நீட்டுகிறார்கள், ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. டப்பாவில் இன்னும் பதினொன்று இருக்கிறது, இந்த வாரமே ஆர்டர் போட வேண்டும், தீபாவளித் தையல் ஆரம்பித்துவிட்டது.