பதின்மூன்று வருடப் பழைய வண்டியும் கைக்கடக்கமான ஓபிடி ஸ்கேனரும்: ஆறு மாத அனுபவம்

நான் வாங்கியபோது வண்டிக்கு வயது பதின்மூன்று. நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். ஓட்டிப் பார்த்த அன்று டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பதினோராம் நாள் காலையில் செக் எஞ்சின் லைட் வந்தது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்து வேகம் எடுத்துவிட்டால் நடுக்கம் காணாமல் போய்விடும்.

மெக்கானிக் ஸ்கேன் போட்டார். இரண்டு கோடு (code, பழுதைக் குறிக்கும் எண்) வந்தது: பி0171 (பெட்ரோலுக்குக் காற்று அதிகம்), பி0300 (மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை). "ஆக்ஸிஜன் சென்சார் போயிருக்குக்கா, மாத்திட்டா சரியாயிடும்" என்றார். மாற்றினோம். கோடை அழித்துக் கொடுத்தார், நாலு நாள் லைட் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது. அடுத்த முறை நாலு பிளக், அதற்கடுத்த முறை பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் நாலு காயில். மூன்று மாதம் இப்படியே போயிற்று. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். கோடைப் படித்தார், கோடோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் நானே ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் போனில் படித்துக் காட்டும் கருவி) வாங்கினேன். இந்த விமர்சனம் அதைப் பற்றியது.

கட்டை விரல் அளவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராக இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, சாவியைத் திருப்பி, போனில் ஒரு ஆப்பைத் திறந்தால் எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேச ஆரம்பிக்கிறது. முதல் முறை இணைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது, இப்போது ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் வகையை வாங்கினால் இணையாது. குறைந்த மின்சார ப்ளூடூத் (Bluetooth LE) வகையோ வைஃபை வகையோ பார்த்து வாங்க வேண்டும்.

கோடு படிப்பது இந்தக் கருவியின் சின்ன வேலை. அதற்காக மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இதன் அருமை லைவ் டேட்டாவில் (எஞ்சின் ஓடும்போதே தெரியும் அளவுகளில்), அதிலும் ஃபியூவல் டிரிம் என்ற இரண்டு எண்களில் இருக்கிறது.

ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். கம்ப்யூட்டர் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ப பெட்ரோலை விடுகிறது. எரிந்து வெளியேறும் புகையை ஆக்ஸிஜன் சென்சார் முகர்ந்து பார்த்து, பெட்ரோல் போதவில்லை, அல்லது அதிகம் என்று சொல்கிறது. உடனே கம்ப்யூட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தக் கூட்டல் குறைத்தல்தான் டிரிம். நொடிக்கு நொடி மாறுவது ஷார்ட் டேர்ம், மெதுவாகக் கற்றுக்கொண்டு நிலைப்பது லாங் டேர்ம். இரண்டையும் கூட்டி, மேலேயும் கீழேயும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரிதாகக் கவலை இல்லை.

என் வண்டி ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) லாங் டேர்ம் பிளஸ் 22 காட்டியது. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் பெட்ரோலை ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து பிளஸ் 5-க்கு இறங்கியது. போனை மடியில் வைத்துக்கொண்டு மூன்று முறை இதையே செய்து பார்த்தேன். மூன்று முறையும் அதே கதை.

கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது என்று அதற்கு அர்த்தம். ஐடிலில் எஞ்சின் குடிக்கும் காற்று கொஞ்சம், ஆகவே ஒரு சின்ன ஓட்டை வழியாக வருவதே பெரிய பங்காகிவிடும். வேகம் கூடும்போது முறையான வழியிலேயே நிறையக் காற்று வருவதால் ஓட்டையின் பங்கு சுருங்கிவிடும். நேர்மாறாக, ஐடிலில் நன்றாக இருந்து வேகத்தில் டிரிம் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்று சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். (இது உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்கு. மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் வண்டிகளில் ஏர் லீக் வேறு மாதிரி தெரியும், பெரும்பாலும் ஐடில் ஆர்பிஎம் ஏறி நிற்கும்.)

மறுநாள் காலையில் வண்டியை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். ஓட்டையைத் தேட வழக்கமாகக் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் நான் தொடவில்லை. காயில், ஆல்டர்னேட்டர் பக்கம் போகாமல் ஹோஸ்களின் மேல் மட்டும் பனி மாதிரி தெளித்தேன். இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளைந்து போகும் பிசிவி ஹோஸில் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி இன்டேக்குக்கே அனுப்பும் குழாயில்) தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் ஒரு கணம் மாறியது. விரலை விட்டுத் தடவினேன். வளைவின் அடிப்பக்கம் ரப்பர் உப்பி, நீளவாட்டில் பிளந்திருந்தது. ஒரு முழம்கூட இல்லாத ரப்பர் குழாய். அதற்காகத்தான் ஒரு நல்ல சென்சாரையும் நாலு நல்ல காயிலையும் கழற்றிப் போட்டிருக்கிறோம்.

புது ஹோஸ் மாட்ட இருபது நிமிடம். இரண்டு நாள் ஓட்டிய பிறகு லாங் டேர்ம் பிளஸ் 3-இல் வந்து நின்றது. நடுக்கம் போய்விட்டது. எண்களை மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார், "அடுத்த வண்டிக்கு இதைத்தான் முதல்ல பாக்கப் போறேங்க்கா" என்றார். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது.

கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இதே கருவிதான் காட்டிக்கொடுத்தது. நெடுஞ்சாலையில் கூலன்ட் சூடு 70 டிகிரியைத் தாண்டவே இல்லை. டாஷ்போர்டு முள் நடுவில்தான் நின்றது, கோடு எதுவும் வரவில்லை. திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட். மாற்றிய பின் 90-ஐ ஒட்டி நிற்கிறது.

இனி என்னை உறுத்தும் விஷயம். ஆப்பில் "கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு வரி உண்டு. அதற்குப் பக்கத்தில் ரெடினெஸ் மானிட்டர்கள்: எஞ்சின் தன்னைத்தானே பரிசோதித்து முடித்துவிட்டதா என்ற பட்டியல். கோடை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்து, பல தடவை ஓட்டிய பிறகே மறுபடி நிறையும். வாங்கும் முன் இந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்குத் தெரிந்திருந்தால், விளக்கு எரியாத அந்த டாஷ்போர்டை நம்பியிருக்க மாட்டேன். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கையில் எடுத்துப் போங்கள். பாதி மானிட்டர் முடியாமல், தூரம் 15 கிலோமீட்டர் என்று காட்டினால், ஏன் அழித்தீர்கள் என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்.

குறைகளும் உண்டு. ஒரே நேரத்தில் ஆறேழு அளவுகளைத் திறந்தால் எண்கள் நத்தை மாதிரி நகர்கின்றன. நான் ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் என்னுடையது எட்டிக்கூடப் பார்க்காது. சாக்கெட்டின் 16-ஆவது பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருப்பதால், செருகியபடியே விட்டு நாட்கணக்கில் வண்டியை நிறுத்தினால் பழைய பேட்டரி இறங்கிவிடும். வெளியே ஒரே மாதிரி இருக்கும் மலிவுக் கருவிகள் உள்ளே ஒன்றாக இருப்பதில்லை, சில பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே சொல்லாது. திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள். ரொம்பப் பழைய வண்டி என்றால் முதலில் வண்டியையே விசாரிக்க வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலிருந்தும் இந்த முறை கட்டாயம், மற்ற பல நாடுகளில் அதற்கும் பின்னால்தான் வந்தது. சாக்கெட் இருந்தும் பேசாத வண்டிகள் உண்டு.

கம்ப்ரஷன் குறைந்திருப்பது, டைமிங் செயின் சத்தம், ஆயில் கசிவு இதெல்லாம் இதற்குத் தெரியாது. அதற்குக் கேஜும் காதும் கண்ணும்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று மாதம் மிஸ்ஃபயரோடு ஓட்டியதில் எரியாத பெட்ரோல் எல்லாம் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போயிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆக்ஸிஜன் சென்சார் உண்டு. முன் ஆக்ஸிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்குவது இயல்பு. பின் சென்சார் அசையாமல் நிற்க வேண்டும். என் வண்டியில் போன மாதத்திலிருந்து பின்னதும் மெல்ல ஆட ஆரம்பித்திருக்கிறது. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 ஒருமுறை பெண்டிங்கில் (இன்னும் உறுதியாகாத கோடாக, விளக்கு எரியாமல்) வந்து போனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த இரண்டு சென்சார்களின் வரைபடத்தையும் ஐந்து நிமிடம் பதிவுசெய்து தேதி போட்டு வைக்கிறேன்.