பழுதான கேரவனும் நாலு ராத்திரியும்: புதுச்சேரியா, கடலூரா?

ரெட்டிச்சாவடி நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பிலிருந்து அது பச்சையாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. லாரிக்காரர்கள் பாஷையில் சொன்னால் ‘வாட்டர் பாடி’ போய்விட்டது. சிதம்பரத்திலிருந்து சென்னை திரும்பும் வழி. பழைய டெம்போ டிராவலருக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் ஒரு சோலார் பலகை என்று நாங்களே கட்டிக்கொண்ட வண்டி. நடுவில் ஞாயிறு வருவதால் பம்ப் பார்சலில் வந்து சேர நாலு நாள் ஆகும் என்றார்கள். முன்னால் புதுச்சேரி, பின்னால் கடலூர். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 22 கிலோமீட்டர்தான்.

முதல் ராத்திரி புதுச்சேரி, அடுத்த மூன்று கடலூர். மறுபடி இப்படி மாட்டினால் யோசிக்காமல் கடலூருக்குத்தான் வண்டியைத் திருப்புவேன்.

எல்லாரும் கேட்கும் விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். சூரிய உதயம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், இரண்டும் கிழக்கு பார்த்த கரை. சாப்பாட்டில் புதுச்சேரிக்கே கூடுதல் மார்க்; ரொட்டிக்கடை, காபிக்கடை எல்லாம் நடக்கும் தூரம். மீனுக்குக் கடலூர் முதுநகர். டீசல் புதுச்சேரியில் விலை குறைவு, ஆனால் நகராத வண்டிக்கு டீசல் எதற்கு?

நகராத வண்டி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வாட்டர் பம்பின் சீல் தேய்ந்துவிட்டால், வண்டி ஆறி நிற்கும்போது ஒழுக்கு பெரிதாகத் தெரியாது. எஞ்சின் சூடேறி உள்ளே அழுத்தம் கூடினால் சொட்டு சொட்டாக இருந்தது ஒழுகலாகிவிடும். ஒழுகும் தண்ணீர் பக்கத்திலிருக்கும் பேரிங்கையும் கெடுக்கும். பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துபோகும். அதற்குப் பிறகு பேச்சு பம்போடு நிற்காது. அதனால் இந்த நிலைமையில் ஓர் ஊரை எடைபோட என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது: நிறுத்திய இடத்திலேயே நாலு நாள் விட்டுவைப்பார்களா?

புதுச்சேரியில் எங்களுக்கு அது வாய்க்கவில்லை. கடற்கரைச் சாலை மாலை 6 மணியிலிருந்து காலை 7:30 வரை வண்டிகளுக்கு மூடல். நடப்பவர்களுக்கு அது பெரிய வரம், நாங்களும் காந்தி சிலை வரை நடந்து அனுபவித்தோம். வண்டிக்கு? உள்தெருக்கள் நேர்க்கோடு போட்டது போல அழகாக இருக்கும், ஆனால் ஒருவழிப்பாதைகள் அதிகம், டிராவலர் நீளத்துக்கு ஓரம் கிடைப்பது கஷ்டம். முதலில் ஒரு வீட்டு வாசலை அடைத்துவிட்டோம் என்று அந்த வீட்டம்மா சொன்னார், நியாயம்தான். அடுத்து ஒரு கட்டண நிறுத்துமிடம். பத்து மணிக்குக் காவலாளி வந்து, “சார், ராத்திரி உள்ள ஆள் படுக்கக் கூடாது, எடுத்துடுங்க” என்றார். கடைசியில் ஊருக்கு வெளியே லாரிகளுக்கு நடுவே போய்ப் படுத்தோம். கடலும் இல்லை, தூக்கமும் இல்லை. மூன்று இடம் மாறியதில் நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றியிருந்தேன்.

மறுநாள் விடியற்காலை வெயில் ஏறுமுன் மெதுவாகக் கடலூருக்குத் திரும்பினோம். மஞ்சக்குப்பத்தில் விசாரித்துப் பிடித்த மெக்கானிக், தேவனாம்பட்டினம் சில்வர் பீச் ஓரம் நின்ற எங்களைத் தேடி டிவிஎஸ் ஃபிப்டியில் டூல்ஸ் பையோடு வந்தார். குனிந்து பார்த்தவர், “இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே. பாடி வர்ற வரைக்கும் எங்கயாவது அப்படியே கெடக்கட்டும்” என்றார். எங்கே கிடப்பது என்றும் அவரே வழிகாட்டினார்: கடலிலிருந்து பத்து நிமிட நடையில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் தென்னந்தோப்பு. நாளுக்கு 200 ரூபாய், ஒரு குழாய், ஒரு பிளக் பாயின்ட். அதோடு கடைசியாக ஒருமுறை எஞ்சினை முடுக்கியதுதான்.

தென்னைக்கு அடியில் வண்டியை விடுவது மடத்தனம் என்று தெரியும், அதுவும் கூரையில் கண்ணாடிப் பலகையை வைத்துக்கொண்டு. தோப்புக்காரர் காய் இறக்கிய வரிசையாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். 2011 தானே புயலில் பழைய மரமெல்லாம் போய், பிறகு வைத்த கன்றுகளாம் இவை. நிழலில் சோலார் பாதிதான் வேலை செய்தது. பிளக் பாயின்ட் இல்லாவிட்டால் ஃபேன் ஓடியிருக்காது.

கடலூர் கேட்கும் விலை உப்பு. பீச் ஓரம் நின்ற அந்த ஒரு காலையிலேயே கண்ணாடியில் பிசுபிசுவென்று படலம். மூன்றாம் நாள் பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி கிரீஸ் தடவினேன். குழாய்த் தண்ணீரும் லேசாக உவர்ப்பு. குளிக்கலாம், ரேடியேட்டருக்கு ஆகாது. உள்ளே உப்புப் படிந்து துருவேறும் என்பதால் அதற்குக் கேன் தண்ணீர் வாங்கினேன். ஊர் திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டியிருந்தது. இந்த வேலையெல்லாம் பிடிக்காதவர்கள் புதுச்சேரியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு வண்டியைப் பட்டறையில் விட்டுவிடலாம். அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன்.

மகளுக்கு வேண்டியது மணல். புதுச்சேரி நகரக் கரையில் பெரும்பாலும் கருங்கல்தான். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர்கள் வடக்கே போகும் மணலை மறித்ததால் கரை அரித்துப் போனது. 2018இல் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் கண்ணுக்கெட்டிய வரை மணல். கூடவே புனித டேவிட் கோட்டையின் மிச்சமும் உண்டு. 1690இல் ஆங்கிலேயர் வாங்கியது, 1758இல் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தது. இந்த இரண்டு ஊருக்குமான போட்டி நான் தொடங்கியதில்லை.

நான் பார்த்தது பிப்ரவரி மாதத்து சில நாட்கள் மட்டும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் சாமிகள் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். அன்று இரண்டு இடத்திலும் நிறுத்த நினைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தோப்பு சேறாகிவிடும் என்று தோப்புக்காரரே சொன்னார். எஞ்சினை இறக்கும் அளவுக்குப் பெரிய வேலை என்றால் எந்த ஊர் தேவலை என்பதற்கு ஒரு பம்ப் மாற்றிய அனுபவம் போதாது. தோப்பு கிடைத்ததிலும் பாதி எங்கள் அதிர்ஷ்டம்.

கடலூர் வந்த நாலாம் நாள் காலை பார்சல் வந்தது. மரத்தடியிலேயே பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்ட மூன்று மணி நேரம். கழற்றிய பம்பைக் கையில் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னார் மெக்கானிக். பேரிங் கரகரவென்று ஆடியது. “இன்னும் ரெண்டு எடம் மாத்தியிருந்தீங்கன்னா ஜாம் ஆகியிருக்கும்ணே.” மதியம் கிளம்பி, புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டியதும் டேங்கை நிரப்பிக்கொண்டோம்.