டெஸ்லா மாடல் எஸ் பி85டி: பத்து வருடம் ஓடிய காரில் எதைப் பார்க்க வேண்டும்

2014 அக்டோபரில் டெஸ்லாவின் மின்சாரக் கார் பி85டி அறிமுகமானபோது பேச்செல்லாம் ஒன்றைப் பற்றித்தான்: 'இன்சேன்' என்ற அதிவேக மோடில் 3.2 விநாடியில் 60 மைல் வேகம். பிறகு பி90டி, பி100டி என்று வரிசையாக வந்து இதை ஓரங்கட்டிவிட்டன. இன்று அமெரிக்காவிலோ நார்வேயிலோ பழைய கார் சந்தையில் தேடினால்தான் கிடைக்கும். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டுவது மட்டும் மாறவில்லை. ஆனால் அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். இந்தக் காருக்கு எமன் வேகம் அல்ல, தண்ணீர்.

பேட்டரிக்கும் டிரைவ் யூனிட்டுக்கும் (மோட்டாரும் கியரும் சேர்ந்த தொகுப்பு) 8 வருட வாரன்டி இருந்தது, தூரத்துக்கு வரம்பே கிடையாது. பெரும்பாலான பி85டிகளுக்கு அது 2023 வாக்கில் முடிந்துவிட்டது. இனி எது போனாலும் உங்கள் பணம்.

முதலில் பின் மோட்டார். 'லார்ஜ் டிரைவ் யூனிட்' என்று அழைக்கப்படும் இதில் ரோட்டரின் (மோட்டாரின் சுழலும் பாகம்) தண்டு உள்ளீடற்றது. அதற்குள்ளேயே கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடிச் சூட்டை எடுக்கிறது. சுழலும் தண்டுக்கும் நிற்கும் உறைக்கும் நடுவே ஒரு சீல். அது தேய்ந்தால் கூலன்ட் வெளியே சொட்டாது, மோட்டாருக்குள்ளேயே இறங்கும். அதனால்தான் கார் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டும் தெரியாமல் ஒருநாள் திடீரென்று இன்சுலேஷன் (மின்காப்பு) கோளாறு காட்டி, 'கார் மீண்டும் கிளம்பாமல் போகலாம்' என்ற எச்சரிக்கை வருகிறது. அந்த நிலையில் பெரும்பாலும் யூனிட்டையே கழற்றி இறக்க வேண்டியிருக்கும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. காரை லிஃப்டில் ஏற்றி, பின் மோட்டாரின் ஸ்பீடு சென்சாரைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். காய்ந்திருந்தால் நல்லது. நீல நிற ஈரமோ, காய்ந்த உப்புப் படிவமோ, சென்சார் இருந்த குழியில் துருவோ இருந்தால் சீல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வாங்குமுன் ஒருமுறை, வாங்கியபின் வருடம் ஒருமுறை இதைச் செய்வது வீண் அல்ல. ஈரம் லேசாக இருக்கும்போதே பிடித்தால் யூனிட்டைக் காப்பாற்றலாம். தனியார் பட்டறைகள் ரோட்டருக்குப் போகும் கூலன்ட் பாதையை அடைத்து, ஸ்டேட்டருக்கும் (மோட்டாரின் அசையாத பாகம்) இன்வெர்ட்டருக்கும் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் கருவி) மட்டும் ஓட விடுகிறார்கள். அன்றாட ஓட்டத்துக்கு இது போதும். ரேஸ் டிராக்கிலோ ஜெர்மனியின் ஆட்டோபானில் நீண்ட நேர அதிவேகத்திலோ ஓட்டுபவர்கள் ரோட்டர் சூட்டை யோசிக்க வேண்டும். அவர்களுக்குப் புது சீல்தான் சரி. பின்னாலிருந்து வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் 'ங்ங்' என்ற சத்தம் வந்தால் அது வேறு கதை: பேரிங். இரண்டையும் ஒரே இறக்கத்தில் முடித்துவிடுவதே சிக்கனம்.

அடுத்தது பேட்டரி. 7,104 சிறு செல்கள், 16 மாட்யூல்கள். 74 செல்கள் சேர்ந்து ஒரு தொகுதி, அப்படி 96 தொகுதிகள் வரிசையில். பெயரில் 85 கிலோவாட்-மணி இருந்தாலும் ஓட்டக் கிடைப்பது 77ஐ ஒட்டித்தான். ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கொஞ்சம் குறைந்திருப்பதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம், வயதான பேக்கில் அது இயல்பு. பயப்பட வேண்டியது ஒரு தொகுதி மட்டும் தனியாக இறங்குவதற்கு. பேக்கின் ரப்பர் வால்வுகள் காலப்போக்கில் இற்றுப்போய் ஈரத்தை உள்ளே விடும். வோல்டேஜ் அளக்கும் மெல்லிய கம்பிகள் அரிக்கும். கடைசியில் 'அதிகபட்ச சார்ஜ் அளவு குறைக்கப்பட்டது' என்று திரை சொல்லும். நடுத்திரைக்குக் கீழே உள்ள டயக்னாஸ்டிக் இணைப்பில் கேபிளைச் செருகி, 'ஸ்கேன் மை டெஸ்லா' செயலியில் 96 தொகுதிகளின் வோல்டேஜையும் பாருங்கள். கார் ஓய்வில் இருக்கும்போது எல்லாம் சில மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்றே ஒன்று பள்ளத்தில் கிடந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

691 குதிரைத்திறன் என்ற பழைய எண்ணை நம்பியும் ஏமாற வேண்டாம். அது இரண்டு மோட்டார்களின் திறனைக் கூட்டிப் போட்டது. பேட்டரி கொடுக்கக்கூடியது 463தான் என்று நிறுவனமே பின்னர் வெளியிட்டது. சார்ஜ் குறையக் குறைய அதுவும் இறங்கும். 'லூடிக்ரஸ்' என்ற கூடுதல் வேக வசதி பின்னால் சேர்க்கப்பட்ட கார் கிடைத்தால் நல்லது; அதில் மெயின் ஃபியூஸும் கான்டாக்டர்களும் (பேட்டரி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுகள்) புதிதாக மாற்றப்பட்டிருக்கும்.

கதவுக்குள் மறைந்திருந்து மோட்டாரால் வெளியே வரும் கைப்பிடி இந்தக் காரின் தீராத தலைவலி. எது உடைந்தது என்பதைக் காதாலேயே சொல்லிவிடலாம். கைப்பிடி வெளியே வருகிறது, இழுத்தால் கதவு திறக்கவில்லை: மைக்ரோஸ்விட்ச், அல்லது அதற்குப் போகும் கம்பி மடிந்து மடிந்து அறுந்தது. மோட்டார் சுழலும் சத்தம் கேட்கிறது, கைப்பிடி அசையவில்லை: உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரம் உடைந்தது. முழு கைப்பிடியை மாற்றச் சொல்வார்கள். ஸ்விட்ச் கம்பித் தொகுப்பும் உலோகப் பல்சக்கரமும் தனியாகவே கிடைக்கின்றன. கதவின் உள்பலகையைக் கழற்றப் பொறுமை இருந்தால் ஒரு மதிய வேலை.

நடுத்திரைக் கணினியில் இருந்த 8 ஜிபி நினைவகச் சில்லு, ஓயாமல் பதிவு எழுதி எழுதியே தேய்ந்தது. ரிவர்ஸ் கேமரா போய்விடுவதால் அமெரிக்காவில் 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 மாடல் எஸ், எக்ஸ் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 64 ஜிபி சில்லு மாற்றியாயிற்றா, அல்லது முழுக் கணினியே புதிய தலைமுறைக்கு மாறியதா என்று கேளுங்கள். 2015 நடுப்பகுதிக்கு முன் வந்த கார்களில் 3ஜி மோடம். அமெரிக்காவில் 2022இல் அந்த நெட்வொர்க் மூடப்பட்டதால், மோடம் மாற்றாத காருக்கு வைஃபை மட்டும்தான்.

வேகம் எடுக்கும்போது முன்பக்கம் நடுங்கினால் முன் ஆக்ஸில் தண்டின் உள் மூட்டு தேய்ந்திருக்கிறது. சஸ்பென்ஷனை உயரமாக வைத்து ஓட்டினால் மூட்டின் கோணம் கூடி இது சீக்கிரம் வரும். 'லோ'வில் வைத்து ஓட்டுங்கள்.

பின் டயர்களை வெளியிலிருந்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பின் சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருப்பதால் உள்விளிம்பு முதலில் கம்பி தெரியத் தேயும். 21 அங்குலச் சக்கரத்தில் டயர் அகலம் முன் 245, பின் 265 மில்லிமீட்டர், முன்பின் மாற்றிப் போடவும் வழியில்லை. 19 அங்குலம் செலவைக் குறைக்கும், குழிகளையும் தாங்கும். 19 அங்குலத்துக்குக் காற்றழுத்தம் 45 பிஎஸ்ஐ.

பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் ஊர்க் காராக இருந்தால் இரண்டு விஷயம். 2016 ஏப்ரலுக்கு முன் கட்டிய கார்களின் பவர் ஸ்டீயரிங் போல்ட்டுகள் உப்பில் அரிப்பதாக 2018இல் திரும்ப அழைத்தார்கள்; அந்த வேலை நடந்ததா என்று விசாரியுங்கள். ரீஜென் (மோட்டாரே காரை மெதுவாக்கி மின்சாரம் சேர்ப்பது) இருப்பதால் பிரேக் அதிகம் பயன்படாது, அதனாலேயே காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) இறுகிப்போகும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது நட்டை முறுக்கும் அளவு 175 நியூட்டன் மீட்டர். ஜாக்கைக் குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள், ஓர் அங்குலம் தவறினால் தூக்குவது பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டை.