சென்னை – பலாலி விமானம்: அம்மாவை நம்பி ஏத்திவிடக்கூடிய பயணம்

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஆகாயத்தால் ஏறத்தாழ 355 கிலோமீற்றர்தான். ஆனால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் மூடியிருந்த காலமெல்லாம் நாங்கள் 640 கிலோமீற்றருக்கு மேல் பறந்து கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஏ9 வீதியால் இன்னும் 400 கிலோமீற்றரளவு வடக்கே திரும்பி வந்தோம். இரவிரவாக வான் வண்டிக்குள் இருந்து விடிய எங்கள் ஊர் சுன்னாகத்தில் இறங்கும்போது அம்மாவின் கால் வீங்கிப்போயிருக்கும். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் இந்த நேரடி விமானத்தின் அருமை தெரியும்.

2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் நிறுவனம் இந்தச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவும் பறக்கிறது. நான் எழுதுவது இண்டிகோவில் போய்வந்ததைப் பற்றி.

ரிக்கெற்றில் ஒன்றேகால் மணித்தியாலம் என்று இருக்கும். இந்தத் தூரத்துக்கு அவ்வளவு நேரமா என்று கேட்பவர்களுக்கு: இது ஜெட் இல்லை, விசிறி வைத்த ஏடிஆர் ரகச் சின்ன விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர்தான் அதன் வேகம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், ஏறி இறங்கும் நேரம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான். மேலே நிதானமாகப் பறப்பது முக்கால் மணித்தியாலம்கூட வராது. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லை.

78 இருக்கை, பக்கத்துக்கு இரண்டு இரண்டாக. நடு இருக்கை என்ற தொல்லையே இல்லை. இறக்கை மேலே இருப்பதால் யன்னலை மறைக்காது. போகும்போது வலப்பக்கம் கேளுங்கள். வானம் வெளித்திருந்தால் தமிழ்நாட்டுக் கரை கோடியக்கரை வரை கூடவே வரும். பிறகு கொஞ்ச நேரம் வெறும் கடல். அதுக்குப் பிறகு செம்மண் தோட்டங்களும் பனைகளும் தெரியத் தொடங்கும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

குறையும் உண்டு. தலைக்கு மேல் பெட்டி வைக்கும் தட்டு சின்னது, சக்கரப் பெட்டி லேசில் அடங்காது. மழைக்காலத்தில் குலுக்கம் நல்லாத் தெரியும். சென்னையில் சர்வதேசப் பயணத்துக்குரிய எல்லா வரிசையும் இதற்கும் உண்டு என்பதால் மூன்று மணித்தியாலம் முந்தியே வெளிக்கிட வேண்டும். பறப்பதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். பலாலியில் அப்படியில்லை. சின்ன நிலையம், ஒரு விமானத்துச் சனம்தான், குடிவரவு கெதியாக முடியும். யாழ் நகரம் 16 கிலோமீற்றர், எங்கள் சுன்னாகம் அதிலும் கிட்ட.

சென்னைக்குக் கண் காட்ட வந்த அம்மாவைத் தனியாகத்தான் ஏத்திவிட்டார்கள். வந்து இறங்கியவர், "பிள்ளை, ஏறினதும் தெரியேல்லை, இறங்கினதும் தெரியேல்லை" என்றார். பொதி கூட வேணும், ஆறுதலாகக் கடல் பார்க்க வேணும் என்றால் நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது, நாலு மணித்தியாலமளவு. வயது போனவர்களுக்கு நான் விமானத்தைத்தான் சொல்லுவேன்.

பலாலி ஓடுபாதையை மட்டும் நீட்டித் தர வேண்டும். அது கட்டையாக இருப்பதால்தான் பெரிய விமானங்கள் வர முடியவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சனம் திரளும்போது இந்த 78 இருக்கை எந்த மூலைக்குக் காணும்?